கருந்திரைக்குக் காரணம் உண்டு

சென்ற இதழில் வெளிவந்த லினக்ஸ் பற்றிய கட்டுரைக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லினக்ஸ் நிறுவிய பிறகு லாகின் திரையைத் தாண்ட முடியவில்லை என்றாலோ, திரை கறுத்துப்போய் நின்றாலோ இயங்குதளமே கெட்டுப்போய்விட்டது, ஃபார்மட் செய்து மறுபடி போடுங்கள், மறுபடியும் அதே கதை என்றால் விண்டோஸுக்கே திரும்பிவிடுங்கள் என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரம். நடுவே கட்டுரையாளர் சில கைவைத்தியங்களும் சொல்கிறார். செக்யூர் பூட்டை அணையுங்கள், நோமோட்செட்டை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள், அனுமதிச் சிக்கல் வந்தால் எல்லாவற்றுக்கும் 777 கொடுங்கள். கடைசியில், இதெல்லாம் பொறியாளர்களுக்குத்தான் சரிப்படும், சாதாரண மக்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்.

இதில் ஒன்றுகூடத் தேறாது. தேறாததோடு போயிருந்தால் விட்டுவிடலாம். அவர் சொல்லும் வைத்தியங்களில் இரண்டு, நம்பிச் செய்கிறவரைத் தன் சொந்தக் கணினிக்கு வெளியே நிறுத்திவிடக்கூடியவை. அதையும் எந்த நேரத்தில் எழுதுகிறார்? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறார்கள். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் சில்லுக்குக் கீழே சேர்ப்பதில்லை. அதனால், இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு எத்தனையோ வீடுகளில் முதன்முறையாக லினக்ஸைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு முதல் நாளே திரை கறுத்தால் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். இந்தக் கட்டுரை அவர்களைப் பயமுறுத்தித் துரத்துகிறது.

முதலில் லாகினை எடுத்துக்கொள்வோம். கடவுச்சொல்லைக் கொடுக்கிறோம், திரை ஒரு கணம் கறுத்து மின்னுகிறது, மறுபடியும் அதே லாகின் திரை வந்து நிற்கிறது. எத்தனை முறை போட்டாலும் இதுதான். கடவுச்சொல் வைத்திருக்கும் கோப்பு சிதைந்துபோனதால்தான் இப்படி ஆகிறது என்று கட்டுரையாளர் அடித்துச் சொல்கிறார். இது தவறு. கடவுச்சொல் ஒத்துவராவிட்டால் லாகின் திரை அங்கேயே நின்று, தவறு என்று எழுத்தில் சொல்லும். மின்னிவிட்டுத் திரும்புகிறது என்றால் கடவுச்சொல் ஏற்கப்பட்டுவிட்டது. சரிபார்க்கிற வேலை முடிந்து, உங்கள் பெயரில் டெஸ்க்டாப் அமர்வைத் துவக்கப்போன இடத்தில்தான் ஏதோ தடுக்கி, அமர்வு செத்து, கட்டுப்பாடு லாகின் திரைக்கே திரும்பி வந்திருக்கிறது. இந்த இரண்டு நிலைகளையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் இந்தச் சிக்கலைப் பற்றிப் பிறருக்கு எழுதக் கூடாது.

இதைச் சோதிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. லாகின் திரையில் இருக்கும்போதே கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புப் பின்னணியில் வெறும் எழுத்துத் திரை ஒன்று வரும். அங்கே பயனர் பெயரையும் அதே கடவுச்சொல்லையும் கொடுங்கள். உள்ளே விட்டால் கடவுச்சொல் நன்றாகத்தான் இருக்கிறது, கணினியும் உயிரோடுதான் இருக்கிறது. கெட்டிருப்பது வரைகலை அமர்வு மட்டும். இந்த மூன்று விசைகளைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரி கிடையாது. லாகின் சிக்கலைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரையில்!

அமர்வு ஏன் சாகிறது? காரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். வட்டில் இடம் தீர்ந்திருக்கலாம். ஹோம் கோப்புறையில் இருக்கும் எக்ஸ்-அத்தாரிட்டி என்ற மறைகோப்பு, முழு அதிகாரம் உள்ள ரூட் பயனரின் பெயருக்கு மாறியிருக்கலாம். யாரோ சொன்னார்கள் என்று, ரூட் அதிகாரம் தரும் சூடோ கட்டளை போட்டு வரைகலையைத் துவக்கியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். தற்காலிகக் கோப்புகள் போகும் டெம்ப் கோப்புறையின் அனுமதி 1777 என்ற நிலையிலிருந்து பிசகியிருக்கலாம். புரொஃபைல் கோப்பில் எதையோ ஒட்டி, அதில் ஒரு வரி தவறாகி, அமர்வு அங்கேயே முடிந்துபோகலாம். இல்லையென்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறாமல் போயிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு, தனி மருந்து உண்டு. பெரும்பாலானவை ஒற்றை வரிக் கட்டளையில் சரியாகிவிடும்.

எங்கள் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி லினக்ஸ் மின்ட் பயன்படுத்துகிறார். ஒருநாள் கடை திறந்த நேரத்தில் கூப்பிட்டார். "பாஸ்வேர்ட் போட்டா உள்ள போற மாதிரி போயிட்டு வெளிய வந்துருது தம்பி. ஆளுக நிக்கிறாக" என்றார். போய் எழுத்துத் திரையில் நுழைந்து, வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையைக் கொடுத்தேன். முதன்மைப் பிரிவுக்கு நேராக 100% என்று இருந்தது. வாடிக்கையாளர்களின் பத்திரம், பட்டா, சான்றிதழ் எல்லாம் அவர் ஸ்கேன் செய்வார். வேலை முடிந்ததும் அழித்தும்விடுவார். அழித்தவை அனைத்தும் குப்பைத்தொட்டிக் கோப்புறையில் மலைபோல் குவிந்திருந்தன. அமர்வைத் துவக்கும்போது எக்ஸ்-அத்தாரிட்டிக் கோப்பில் புதிதாகச் சில பைட்டுகள் எழுத வேண்டும். அதற்குக்கூட இடமில்லை. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். அதனால்தான் கணினி துவங்குகிறது, லாகின் திரை வருகிறது, அண்ணாச்சிக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. குப்பைத்தொட்டியைக் காலி செய்தோம். அடுத்த முறை கடவுச்சொல் போட்டதும் டெஸ்க்டாப் வந்துவிட்டது. கடை வாசலில் நின்றவர்கள் நின்றபடியே வேலை முடித்துப் போனார்கள்.

கட்டுரையாளர் சொன்னபடி அன்றைக்கு ஃபார்மட் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அண்ணாச்சியின் கணக்கு வழக்கு, பாதி முடித்த வேலைகள், ஊர்க்காரர்களின் ஆவணங்கள் அத்தனையும் போயிருக்கும். லாகின் சரியாகியிருக்கும்தான். குப்பைத்தொட்டி ஏன் நிரம்பியது என்பது யாருக்கும் தெரியாததால் சில மாதங்களில் அதே நிலை திரும்பி வந்திருக்கும்.

மறுபடி நிறுவினால் தீர்ந்துவிடும் என்ற வாதத்தின் ஓட்டை இதுதான். கோளாறு உங்கள் ஹோம் கோப்புறையில் இருந்தால், ஹோமைத் தனிப் பிரிவாக வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் புதிதாகப் போட்டாலும் அதே கோப்பு அதே உரிமையாளரோடு அங்கேயே இருக்கும், லாகின் மறுபடியும் சுற்றும். ஹோமையும் சேர்த்து அழித்தால் கோளாறு போகும், கூடவே உங்கள் கோப்புகளும் போகும். கோளாறு கிராஃபிக்ஸ் கார்டிலோ டிரைவரிலோ இருந்தால் எத்தனை முறை நிறுவினாலும் அதே கார்டு, அதே கெர்னல், அதே கருந்திரை. ஆக, மறுநிறுவல் ஒன்று பயனற்றது, இல்லையென்றால் நாசம். எப்போதாவது பலித்தாலும் எது பலித்தது என்று தெரியாமலேயே பலிக்கும்.

கடவுச்சொல் தவறு என்று எழுத்திலேயே சொல்லும் வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே விற்கும் மடிக்கணினிகளின் விசைப்பலகை பெரும்பாலும் அமெரிக்க அமைப்பு. நிறுவும்போது பிரிட்டிஷ் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஷிஃப்ட்டோடு 2-ஐ அழுத்தும்போது அட் குறி வராது, இரட்டை மேற்கோள் குறி வரும். கடவுச்சொல் பெட்டியில் வெறும் புள்ளிகள்தான் தெரியும் என்பதால் வித்தியாசம் கண்ணில் படாது. தமிழ்99 அமைப்பைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கும் லாகின் திரையில் விசைப்பலகை மாறி நிற்பதுண்டு. பயனர் பெயர் கேட்கும் இடத்தில் கடவுச்சொல்லை எழுத்துத் தெரியும்படி அடித்துப் பார்த்து, பிறகு அழித்துவிட்டால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். இதற்கும் கட்டுரையாளரின் மருந்து ஃபார்மட்தான்.

777 வைத்தியத்துக்கு வருகிறேன். ஒரு கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், இயக்கலாம் என்ற அனுமதி அது. சிக்கல் தீராவிட்டால் முழு வட்டுக்குமே அந்த அனுமதியைக் கொடுத்துவிடலாம் என்று துணிந்து எழுதியிருக்கிறார். இதைச் செய்தவரின் கணினியில் சூடோ கட்டளை வேலை செய்யாது. சூடோ இயங்க அதன் கோப்பில் செட்யுஐடி என்ற சிறப்பு அடையாளம் இருக்க வேண்டும். 777 அதைத் துடைத்துவிடும். சூடோ போனால், இழைத்த தவறைத் திருத்தும் வழியும் சேர்ந்து போகிறது. தொலைவிலிருந்து வேறு கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவிகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற நிலையில் எஸ்எஸ்எச் அவற்றைப் பயன்படுத்தவே மறுக்கும். எந்தக் கோப்புக்கு எந்த அனுமதி இருந்தது என்பதை அதன்பின் யாராலும் ஞாபகத்திலிருந்து மீட்க முடியாது. ஒரே ஒரு கோப்பின் உரிமையாளரை மாற்ற வேண்டிய இடத்தில் முழுக் கணினியின் பாதுகாப்பையும் உடைக்கச் சொல்கிறார். அதன்பிறகு மறுநிறுவல் உண்மையாகவே தேவைப்படும். அவர் கொடுத்த மருந்தால் வந்த தேவை அது.

இனி கிராஃபிக்ஸ். லினக்ஸுக்கு வரைகலை வராது, அது பிறவிக்குறை என்கிறார். இன்டெல், ஏஎம்டி இரண்டின் டிரைவர்களும் லினக்ஸின் மையமான கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. தனியாக எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை. ஏஎம்டி 2007-லேயே தன் கார்டுகளின் ஆவணங்களைத் திறந்த மூல டிரைவர் எழுதுபவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. 2015-ல் வந்த 4.2 கெர்னலில் ஏஎம்டிஜிபியு டிரைவர் சேர்ந்தது. 2022-ல் விற்பனைக்கு வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் ஓடுவது ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ். அதற்குள் இருப்பது ஏஎம்டி சில்லு. விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டுகளைக்கூட லினக்ஸில் ஓட்டிக் காட்டும் கருவி கடைகளில் விற்கும் காலத்தில், லினக்ஸுக்கு வரைகலை தெரியாது என்று எழுத எப்படி மனம் வந்தது?

கருந்திரைப் புகார்களில் பெரும்பகுதி என்விடியா கார்டு உள்ள கணினிகளிலிருந்து வருகிறது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. என்விடியா தன் டிரைவரின் மூலநிரலைப் பல்லாண்டுகள் மூடியே வைத்திருந்தது. கார்டு எப்படி இயங்குகிறது என்பதை வெளியிலிருந்து ஆராய்ந்து ஆராய்ந்து தன்னார்வலர்கள் எழுதிய நோவோ டிரைவர் 2010-ல் கெர்னலுக்குள் வந்தது. ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் கார்டின் வேகத்தையே உயர்த்த முடியாதபடி பூட்டிவிட்டார்கள். அந்தத் தலைமுறைக் கார்டுகளில் நோவோ மந்தமாக ஓடுவதற்கு அதுதான் காரணம். 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமரா முன்னால் நடுவிரலை உயர்த்தி என்விடியாவைத் திட்டியது உலகத்துக்கே தெரியும். 2022 மே மாதத்தில்தான் டூரிங் தலைமுறையிலிருந்து மேலே உள்ள கார்டுகளுக்கான கெர்னல் பகுதியை அந்நிறுவனம் திறந்த மூலமாக வெளியிட்டது. கதவைப் பூட்டி வைத்தவரை விட்டுவிட்டு, வாசலில் நின்றவரைக் குற்றவாளி ஆக்குகிறது கட்டுரை.

சரி, நிறுவியவருக்கு வரலாறு எதற்கு, திரை வந்தால் போதும் என்று கேட்கலாம். நியாயம்தான். அங்கேதான் செக்யூர் பூட் வருகிறது. கட்டுரையின் மிக ஆபத்தான பகுதி இதுவே.

செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமில்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்றாது. என்விடியா டிரைவர் டிகேஎம்எஸ் முறையில் உங்கள் கணினியிலேயே தொகுக்கப்படும்போது, அதற்குக் கையொப்பமிட அங்கேயே ஒரு சாவி உருவாக்கப்படுகிறது. அந்தச் சாவியை நீங்கள் ஒருமுறை அங்கீகரிக்க வேண்டும். அதற்காக நிறுவும்போது ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்பார்கள். மறுதுவக்கத்தில் நீலநிறத் திரை ஒன்று வரும். ஏதாவது ஒரு விசையை அழுத்து, இல்லையென்றால் பத்து வினாடியில் வழக்கம்போல் துவங்கிவிடுவேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே எண் இறங்கும். அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். முதல் வரி, துவக்கத்தைத் தொடர்வது. தேர்வும் அதன் மேலேயே இருக்கும். இரண்டாம் வரிதான் சாவியைச் சேர்ப்பது. அதைத் தேர்ந்து, சாவியைப் பார்த்து, ஆம் என்று சொல்லி, அந்தத் தற்காலிகக் கடவுச்சொல்லைக் கொடுத்து மறுதுவக்கம் செய்தால் வேலை முடிந்தது.

கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகனின் மடிக்கணினியில் இதுதான் நடந்தது. நீலத்திரையைப் பார்த்ததும் விண்டோஸ் செத்துவிட்டது என்று பயந்து, மேலிருந்த முதல் வரியிலேயே என்டரைத் தட்டிவிட்டான். சாவி சேரவில்லை. சாவி சேராததால் கெர்னல் என்விடியா டிரைவரை மறுத்தது. என்விடியா தொகுப்பு தன்னை நிறுவும்போதே நோவோவைத் தடுப்புப் பட்டியலில் போட்டிருந்ததால் அதுவும் வரவில்லை. திரை கறுத்தது. "மாமா, லேப்டாப் போச்சு" என்று அழாத குறையாகப் பேசினான். எழுத்துத் திரைக்குப் போய் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் கெர்னல் செய்திகளைப் பார்க்கச் சொன்னேன். சாவி நிராகரிக்கப்பட்டது என்று அங்கே வரியாகவே எழுதியிருந்தது. எம்ஓகேயுடில் கட்டளையால் சாவியை மறுபடி பதிவுக்கு அனுப்பினோம். நீலத்திரையில் இந்த முறை இரண்டாம் வரியைத் தேர்ந்தான். அவ்வளவுதான். இத்தனைக்கும் உபுண்டுவில் அதை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனமே கையொப்பமிட்டுத் தரும் என்விடியா தொகுப்புகள் இருக்கின்றன. அவற்றைப் போட்டால் இந்த நீலத்திரையே வராது.

செக்யூர் பூட்டை அணைத்தால் போதுமே என்கிறார் கட்டுரையாளர். பக்கத்திலேயே விண்டோஸும் இருக்கும் மடிக்கணினியில் அணைத்தால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவே இல்லை. இப்போது வரும் பல மடிக்கணினிகளில் விண்டோஸ் வட்டு, உரிமையாளருக்கே தெரியாமல் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறது. செக்யூர் பூட் நிலை மாறினால் பிட்லாக்கர் அதைச் சந்தேகத்துக்குரிய மாற்றமாக எடுத்துக்கொண்டு, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். எத்தனை பேருக்குத் தங்கள் மீட்பு எண் எங்கே இருக்கிறது என்று தெரியும்? லினக்ஸில் திரை வரவேண்டும் என்று போனவர், விண்டோஸுக்குள்ளும் போக முடியாமல் நடுத்தெருவில் நிற்பார். இந்த எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லாமல் அந்த யோசனையை அச்சில் கொடுத்தது பொறுப்பற்ற செயல்.

நோமோட்செட் விஷயமும் இப்படித்தான். கெர்னலே திரையின் அளவையும் நிறத்தையும் அமைத்துக்கொள்ளும் முறை 2009-ல் இன்டெல் டிரைவரோடு வழக்கத்துக்கு வந்தது. நோமோட்செட் என்ற சொல்லைத் துவக்க வரியில் சேர்த்தால் அந்த முறை அணைந்துவிடும். ஃபர்ம்வேர் தந்த ஒரே அளவுத் திரையோடு கணினி தட்டுத்தடுமாறி எழும். உபுண்டு நிறுவலில் பாதுகாப்பான கிராஃபிக்ஸ் என்று வரும் தேர்வு செய்வதும் இதையேதான். டிரைவர் இல்லாத முதல் நாளில், உள்ளே நுழைந்து டிரைவரைப் போடுவதற்கான ஊன்றுகோல் அது. நிரந்தரமாக வைத்துக்கொண்டால் கார்டு செய்ய வேண்டிய வேலை முழுக்கச் சிபியு தலையில் விழும். மின்விசிறி ஓயாமல் சுற்றும், காணொளி விட்டுவிட்டு ஓடும், திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, இரண்டாவது மானிட்டர் தெரியாது. இன்டெலும் என்விடியாவும் சேர்ந்திருக்கும் மடிக்கணினியில் ஒழுங்காக இருந்த இன்டெல் டிரைவரையும் சேர்த்தே முடக்கிவிடும். இப்படி முடக்கிவிட்டு, லினக்ஸ் மெதுவாக ஓடுகிறது, சூடாகிறது என்று அடுத்த பத்தியிலேயே அவர் குறை சொல்கிறார். முடக்கியது அவர் சேர்க்கச் சொன்ன சொல்.

லாகின் திரையின் பற்சக்கரக் குறியில் எப்போதும் பழைய வரைகலை முறையான எக்ஸ்ஆர்க்கைத் தேர்ந்தெடுங்கள் என்ற யோசனைக்கும் வயதாகிவிட்டது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-ல் க்னோம் டெஸ்க்டாப்புக்கு எக்ஸ்ஆர்க் அமர்வே கிடையாது, அதன் இடத்துக்கு வந்த வேலாண்ட் மட்டும்தான். இல்லாத தேர்வைத் தேடிக்கொண்டு புதியவர் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

அவர் சொல்லாமல் விட்ட எளிய வழி ஒன்று இருக்கிறது. நேற்று வரை நன்றாக இருந்து, மேம்படுத்திய பிறகு திரை போயிருந்தால், துவங்கும்போது வரும் கிரப் பட்டியலில் மேம்பட்ட தேர்வுகளுக்குப் போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்து துவக்கிப் பாருங்கள். உபுண்டு, மின்ட், ஃபெடோரா எல்லாமே பழைய கெர்னலை அழிக்காமல் வைத்திருக்கும். அதில் திரை வந்தால், புதிய கெர்னலுக்கு என்விடியா டிரைவர் தொகுக்கப்படவில்லை என்று சந்தேகப்பட்டு டிகேஎம்எஸ் நிலையைப் பார்த்தால் போதும். புத்தம்புதிய கார்டு என்றால் நிலைமை தலைகீழ். 2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04, 6.8 கெர்னலோடு வந்தது. 2025 மார்ச்சில் கடைக்கு வந்த ரேடியான் கார்டை அதற்கு எப்படித் தெரியும்? அங்கே புதிய கெர்னலும் புதிய மேசா வரைகலை நூலகமும் வேண்டும். பழைய இயந்திரத்துக்குப் பழைய கெர்னல், புதிய கார்டுக்குப் புதிய கெர்னல் என்ற இந்தச் சின்ன விவரம்கூட இல்லாமல் ஒரே மருந்தை எல்லோருக்கும் எழுதிக்கொடுக்கிறார்.

அவர் பக்கம் நியாயமே இல்லையா என்றால், ஓரிடத்தில் இருக்கிறது. கருந்திரை பயனரிடம் எதையும் சொல்வதில்லை என்பது உண்மையான குறை. அண்ணாச்சியின் கணினி, வட்டு நிரம்பிவிட்டது என்று லாகின் திரையிலேயே ஒரு வரி காட்டியிருக்கலாம். நீலத்திரை தன்னைத் தெளிவாக விளக்கிக்கொள்ளலாம், தமிழிலும் விளக்கலாம். பழைய என்விடியா கார்டு வைத்திருப்பவர்களின் கவலையும் மெய்யானது. மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு 580 வரிசைதான் கடைசி டிரைவர் என்று அந்நிறுவனம் அறிவித்துவிட்டது. 2025 டிசம்பரில் ஆர்ச் லினக்ஸ் 590-க்கு மாறியபோது, அறிவிப்பைப் பார்க்காமல் மேம்படுத்திய ஜிடிஎக்ஸ் 1060 போன்ற கார்டுக்காரர்களுக்கு வரைகலை வராமல் போனது. அவர்கள் 580-ஐத் தொடர்ந்து தரும் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் இருப்பதுதான் நல்லது. இப்படி ஒரு பயனுள்ள எச்சரிக்கையைக் கட்டுரையாளர் எழுதியிருந்தால் நானே நான்கு பேரிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன்.

விண்டோஸில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது என்று அவர் சொல்வதையும் விட முடியாது. விஸ்டா காலத்தில் நடந்த வழக்கொன்றில் மைக்ரோசாஃப்ட்டின் உள் மின்னஞ்சல்கள் 2008-ல் வெளியே வந்தன. 2007-ல் பதிவான விஸ்டா முடக்கங்களில் 28.8 சதவீதத்துக்கு என்விடியா டிரைவர்களே காரணம் என்று அவற்றில் இருந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. மைக்ரோசாஃப்ட்டே சொன்ன கணக்கு இது. விமான நிலையங்கள் ஸ்தம்பித்தன. அன்றைக்கு உலகம் கண்ட தீர்வு என்ன? சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு கோப்பை அழித்தார்கள். 85 லட்சம் கணினிகளையும் ஃபார்மட் செய்யுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. விண்டோஸ் கெட்டால் காரணத்தைத் தேடிச் சரிசெய்வது, லினக்ஸ் கெட்டால் தூக்கி எறிவது என்ற இரட்டை அளவுகோலைத்தான் கட்டுரை முழுக்கப் பார்க்கிறோம்.

சாதாரண மக்களுக்கு இது ஆகாது என்ற தீர்ப்பு என்னை மிகவும் புண்படுத்தியது. பக்கத்துக் கேரளத்தின் அரசுப் பள்ளிகளில், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு கைட் என்ற அரசு நிறுவனம் உருவாக்கிய இயங்குதளத்தில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள், ஆசிரியர்கள் பாடம் நடத்துகிறார்கள். அவர்கள் யாரும் கெர்னல் எழுதுபவர்கள் அல்லர். அண்ணாச்சி பத்தாம் வகுப்போடு நின்றவர். இப்போது வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவரே பார்த்துக்கொள்கிறார். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் கற்றுக்கொள்ளாத மனிதர் இல்லை. சொல்லிக்கொடுக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு, உனக்கு இது வராது என்று எழுதுவது அவமதிப்பு.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். செக்யூர் பூட், 777 ஆகிய இரண்டு யோசனைகளுக்காவது அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திரை கறுத்துப்போனவர்கள் ஃபார்மட் செய்யும் முன் எழுத்துத் திரைக்குப் போய், ஜர்னல்சிடிஎல் காட்டும் பிழை வரிகளைக் கைபேசியில் படமெடுத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அந்தக் கட்டுரையை நம்பிச் செக்யூர் பூட்டை அணைக்க நினைப்பவர்கள் இன்றைக்கு அதைத் தொடவே வேண்டாம். முதலில் விண்டோஸுக்குள் போய் பிட்லாக்கர் மீட்பு எண் 48 இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.